சங்கத்துப் பெட்டிகளைக் கவுண்டி ஆவணக் காப்பகத்திடம் கொடுக்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டு நீளமாக எழுதி என்ன பயன். இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே ஒரு கவுண்டியில், உங்கள் தமிழ்ச் சங்கமும் ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கூடமும் 1980களிலிருந்து நடக்கின்றன. பழைய செயலாளர் வீடு மாறியபோது சங்கத்துப் பெட்டிகள் எல்லாம் உங்கள் கராஜுக்கு வந்துவிட்டன. கவுண்டியின் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் சேர்ந்து, இந்தப் பகுதிக்குக் குடிவந்த சமூகங்களின் வரலாற்றைச் சேகரிக்கிறோம், உங்களிடம் இருப்பதைத் தருவீர்களா என்று கடிதம் எழுதியிருக்கிறார்கள். கமிட்டியில் பாதிப் பேர் கொடுத்துவிடுவோம் என்கிறார்கள். மீதிப் பேர், ஸ்கான் பண்ணிக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டுப் பெட்டிகளை எறிந்துவிடலாம், தமிழ் ஒரு எழுத்துத் தெரியாதவர்களிடம் கொடுத்து என்ன ஆகப்போகிறது என்கிறார்கள். எழுத்தில் உள்ள கேள்வி இது. ஆனால் வரிகளுக்கு நடுவில் நீங்கள் கேட்பது வேறு மூன்று: கொடுத்த பிறகு அது நம்முடையதா, நாளைக்கு அவர்கள் விற்றாலோ தொலைத்தாலோ என்ன செய்வது, அதில் இருக்கும் பெயர்களால் யாருக்காவது தொல்லை வருமா.

கவுண்டி ஆவணக் காப்பகம் ஒன்றில் பல வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் என் பதில்: கொடுங்கள். ஆனால் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டாம், அப்படியே தூக்கியும் கொடுக்க வேண்டாம், படங்களில் இருப்பவர்களின் பெயர்களை எழுதுவதற்கு முன் கொடுக்கவே வேண்டாம். நான் வழக்கறிஞன் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சட்டம் பற்றிக் கீழே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும், ஸ்காட்லாந்தில் ஏற்பாடு வேறு. உங்கள் சங்கம் பதிவு செய்த அறக்கட்டளை என்றால் அறங்காவலர்களின் பொறுப்பு தனி, அதற்கு ஒரு சொலிசிட்டரிடம் அரை மணி நேரம் பேசுவது நல்லது.

இந்த அலுவலகங்கள் என்ன என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி. மாவட்டத்துக்கென்று ஓர் ஆவணக் காப்பகம் என்ற ஏற்பாட்டை முதலில் செய்தது பெட்ஃபோர்ட்ஷயர், 1913இல், ஜி. எச். ஃபௌலர் என்பவரின் முயற்சியால். மற்றக் கவுண்டிகள் மெல்ல மெல்ல அதைப் பின்பற்றின. எசெக்ஸ் 1938இல் தொடங்கியது. இவற்றின் அலமாரிகளில் முக்கால்வாசி இருப்பது தேவாலயப் பதிவேடு, நிலப்பத்திரம், நீதிமன்றக் கட்டு, ஏழைகள் சட்டத்தின் கீழ் நடந்த விசாரணைகள். 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஒவ்வொரு தேவாலயத்திலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதியச் சொல்லி உத்தரவு போட்டார். அன்றிலிருந்து இன்றுவரை ஒரு விவசாயக் கூலியின் பேரனும் தன் முன்னோரைத் தேடிப் போக முடிகிறது என்றால் அந்த ஒரு உத்தரவுதான் காரணம். சட்டப்படி உள்ளூராட்சி மன்றம் தன்னிடம் இருக்கும் ஆவணங்களுக்கு 'தகுந்த ஏற்பாடு' செய்ய வேண்டும், 1972ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அருங்காட்சியகத்துக்கு அந்தக் கட்டாயம்கூட இல்லை. 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது நூலகம் நடத்துவது கடமை, அருங்காட்சியகம் நடத்துவது விருப்பம்.

அந்தப் பழைய பதிவேடுகளில் நம்மவர்கள் இல்லை என்று நினைக்காதீர்கள். 1616 டிசம்பர் 22ஆம் தேதி லண்டன் நகரத்துத் தேவாலயம் ஒன்றில், வங்காளப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பையனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். 'கிழக்கிந்தியன் ஒருவனுக்குப் பீட்டர் என்று பெயரிடப்பட்டது' என்ற அளவில் பதிவேட்டில் ஒரு வரி. அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தவர் முதலாம் ஜேம்ஸ் மன்னர். பையனுக்குத் தாய் வைத்த பெயர் அந்த வரியில் இல்லை. நானூறு வருடமாக அந்தத் தாள் பத்திரமாக இருக்கிறது, ஆள் மட்டும் இல்லை. இன்றைய நிலைமையும் ரொம்ப மாறிவிடவில்லை. உங்கள் ஊரில் 1985இல் தமிழர்கள் இருந்தார்கள் என்பதற்குக் கவுண்டியிடம் இன்று என்ன இருக்கும்? திட்டமிடல் துறையில் கோயில் மண்டபத்துக்குப் போட்ட விண்ணப்பம், அதற்கு அக்கம்பக்கத்தார் எழுதிய ஆட்சேபக் கடிதங்கள், உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு பொங்கல் படம், அகதிகள் பற்றி மன்றக் கூட்டத்தில் யாரோ கேட்ட கேள்வி. எல்லாம் மற்றவர்கள் நம்மைப் பற்றி எழுதியவை. நாம் எழுதியது உங்கள் கராஜில் இருக்கிறது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இருக்கிறதே என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார். அது நூறு வருடம் மூடியிருக்கும். 1921ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பை 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். 1931ஆம் ஆண்டினது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இல்லவே இல்லை, 1942 டிசம்பரில் தீயில் எரிந்துபோயிற்று. 1941இல் யுத்தத்தால் எடுக்கவே இல்லை. உங்கள் சங்கம் தொடங்கியவர்களின் பெயர்கள் 1991 கணக்கெடுப்பில் இருக்கும், ஆனால் அதைப் பார்க்க 2092 வரை காத்திருக்க வேண்டும். அப்போதும் 'தமிழ்' என்ற சொல் அதில் இருக்கும் என்று நம்ப முடியாது. உங்கள் முக்கிய மொழி எது என்று இங்கிலாந்தில் முதல் தடவை கேட்டதே 2011இல்தான்.

சரி, கொடுப்பது என்றால் எப்படி. இரண்டு வழி இருக்கிறது, கமிட்டியில் பலர் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஒன்று நன்கொடை: உரிமையே அவர்களுக்குப் போய்விடும். மற்றது வைப்பு: உரிமை சங்கத்திடமே இருக்கும், பாதுகாப்பு மட்டும் அவர்களுடையது, முன்னறிவிப்புக் கொடுத்துத் திரும்ப எடுக்கலாம். அருங்காட்சியகங்கள் பொதுவாக நன்கொடையைத்தான் விரும்பும், இரவலாக வாங்கினால் ஒரு காலக்கெடு போட்டுத்தான் வாங்கும். ஆவணக் காப்பகங்கள் இரண்டுக்கும் சம்மதிக்கும். நீங்கள் திரும்ப எடுத்தால் அதுவரை பட்டியல் போட்டதற்கும் பழுது பார்த்ததற்கும் ஆன செலவைக் கேட்கும் உரிமையைப் பல காப்பகங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்திருக்கும், அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

எல்லாரும் உங்களுக்கு 'வைப்பாகக் கொடுங்கள், அதுதான் பாதுகாப்பு' என்று சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். காப்பகத்தில் எங்களுக்குப் பெரிய தலைவலி, வைப்பாக வந்து, பிறகு கொடுத்த சங்கமே இல்லாமல் போன கட்டுகள்தான். யாரிடம் அனுமதி கேட்பது? பழுது பார்க்கப் பொதுப்பணம் செலவழிக்கலாமா? இணையத்தில் போடலாமா? கேட்க ஆள் இல்லாததால் பெட்டி அப்படியே கிடக்கும். உங்கள் சங்கத்துக்கு இன்னும் முப்பது வருடத்தில் கமிட்டி இருக்குமா என்று மனதைத் தொட்டு யோசியுங்கள். இருக்காது என்று தோன்றினால் நன்கொடையாகவே கொடுங்கள், ஆனால் இரண்டு நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். தேவையில்லை என்று எதையாவது கழித்தால் முதலில் சங்கத்திடமோ நீங்கள் பெயர் குறிப்பிடும் இன்னொரு நிறுவனத்திடமோ கேட்க வேண்டும். சங்கத்து உறுப்பினர்களும் பிள்ளைகளும் நகல் கேட்டால் ஸ்கான் கோப்பைக் கட்டணமின்றித் தர வேண்டும். இரண்டாவதை எல்லாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

விற்றுவிடுவார்களோ என்ற பயம் வீண்பயம் இல்லை. நார்தாம்ப்டன் அருங்காட்சியகத்தில் செகெம்கா என்ற எகிப்தியச் சிலை ஒன்று இருந்தது, நாலாயிரம் வருடத்துக்கு மேற்பட்டது, 19ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபு குடும்பம் கொடுத்தது. 2014இல் நகரமன்றம் அதைக் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1 கோடியே 57 லட்சம் பவுண்டுக்கு மேல் விற்றது. அருங்காட்சியகத்தின் அங்கீகாரம் பறிபோனது, எகிப்து அரசு எதிர்ப்புத் தெரிவித்தது, விற்ற சிலை விற்றதுதான். இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? ஏலத்தில் கோடி பெறும் பொருளுக்குத்தான் அந்த ஆபத்து. உங்கள் கூட்டறிக்கைப் புத்தகத்தை, அதாவது கமிட்டிக் கூட்டத்தில் பேசியதை எழுதிவைக்கும் மினிட்ஸ் புத்தகத்தை, யாரும் ஏலம் விடப்போவதில்லை. உங்கள் பெட்டிக்கு இருக்கும் உண்மையான ஆபத்து வேறு. சேமிப்புக் கிடங்கில் எண் போட்டு வைத்துவிட்டு, பட்டியல் போட ஆளில்லாமல், பத்துப் பதினைந்து வருடம் யாரும் தொடாமல் இருப்பது. இது எல்லாக் காப்பகத்திலும் உண்டு, எந்த அதிகாரியும் மறுக்கமாட்டார். அதனால் கடிதம் எழுதியவரைச் சந்திக்கும்போது 'பத்திரமாக வைப்பீர்களா' என்று கேட்காதீர்கள், அதற்கு ஆமாம் என்றுதான் சொல்வார். 'எப்போது பட்டியல் போடுவீர்கள், அதற்குப் பணமும் ஆளும் இந்தத் திட்டத்திலேயே இருக்கிறதா' என்று கேளுங்கள். சமூக வரலாற்றுத் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வருட மானியத்தில் நடப்பவை, மானியம் முடிந்ததும் அந்த இளம் அதிகாரி வேறு வேலைக்குப் போய்விடுவார்.

அங்கீகாரம் என்றேன் அல்லவா, அதையும் பாருங்கள். ஆவணக் காப்பகத்துக்கு அங்கீகாரம் தருவது தேசிய ஆவணக் காப்பகம், இங்கிலாந்தில் அருங்காட்சியகத்துக்குத் தருவது ஆர்ட்ஸ் கவுன்சில். இரண்டில் ஒன்றாவது இருந்தால் தீ, வெள்ளம், திருட்டு, வெப்பநிலை எல்லாவற்றையும் யாரோ வெளியார் வந்து சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பொதுவான ஆவண அறை 13 முதல் 20 டிகிரி வரை, ஈரப்பதம் 35 முதல் 60 சதவீதம் வரை, பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் இருக்க வேண்டும் என்பது இங்கே பழகிய அளவு. உங்கள் கராஜ் ஜனவரியில் உறையும், ஜூலையில் வேகும், நடுவில் கூரை ஒழுகும்.

அடுத்து ஸ்கான் செய்துவிட்டு எறிவது. இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஸ்கான் பழைய காலத்துப் பிரதி எடுத்து வைப்பது மாதிரி நல்ல காரியம், கட்டாயம் செய்யுங்கள், படங்களுக்கு 600 டிபிஐ, தாள்களுக்கு 300 அல்லது 400, மூன்று பிரதி, ஒன்று வேறு வீட்டில். ஆனால் மூலத்தை எறிய அது காரணம் ஆகாது. காகிதத்தைக் கவனிக்காமல் விட்டாலும் நூறு வருடம் இருக்கும், ஹார்ட் டிஸ்கைக் கவனிக்காமல் விட்டால் பத்து வருடம் இருந்தால் அதிர்ஷ்டம். நம் மொழிக்கு இன்னொரு வினையும் உண்டு. 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் உங்கள் செயலாளர் கம்ப்யூட்டரில் அடித்த தமிழ் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் இருக்கும், ஈழத்தமிழர் சங்கம் என்றால் அநேகமாக நிச்சயம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் நிறுத்தற்குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். 'தமிழ்' என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். இங்கிலாந்துக்காரர் ஒருவர் அதைப் பார்த்தால் கோப்பு பழுதாகிவிட்டது என்று முடிவு செய்து அழித்துவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே பழைய ஃப்ளாப்பி, சிடியில் இருப்பவற்றை இப்போதே யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினியும் படிக்கும் பொதுக் குறியீட்டுக்கு, மாற்றுங்கள், மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியதைக் கண்ணால் படித்துச் சரிபாருங்கள், எழுத்துருப் பதிந்த பிடிஎஃப் ஒன்றும் கூடவே வையுங்கள். இந்த வேலையைக் கவுண்டியில் எவரும் செய்ய முடியாது, நம்மால் மட்டும்தான் முடியும்.

தமிழ் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு நேர்மையான பதில்: ஒன்றும் செய்யமாட்டார்கள், நீங்கள் செய்து கொடுத்தாலொழிய. 'தமிழில் சில ஆவணங்கள், ஒரு பெட்டி' என்று பட்டியலில் ஒரு வரி விழும், அத்தோடு முடிந்தது. நீங்கள் ஒவ்வொரு கோப்புக்கும் தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி, தேதி, எழுதியவர் பெயர் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தால் அதை அப்படியே பட்டியலில் ஏற்றிவிடுவார்கள், சந்தோஷமாக ஏற்றுவார்கள். பெயர்களை எல்லா எழுத்துக்கூட்டலிலும் கொடுங்கள். ஒரே மனிதர் ஒரு ரசீதில் சிவபாதசுந்தரம் என்று முழுசாக இருப்பார், இன்னொன்றில் எஸ். சுந்தரம், வேலையிடத்துக் கடிதத்தில் சிவா. 1972க்கு முன் வந்தவர்களின் தாள்களில் நாட்டின் பெயர் சிலோன் என்றுதான் இருக்கும், அதையும் தேடுசொல்லாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எதை எடுத்துக்கொள்வார்கள் என்பதில்தான் கமிட்டிகளுக்கும் காப்பகத்துக்கும் கருத்து வேறுபாடு வரும். நீங்கள் பெருமையாகக் கொண்டுபோகும் கேடயங்களையும் பட்டுத்துணி போர்த்திய பிரமுகர் படங்களையும் பார்த்துத் தலையாட்டுவார்கள். கூட்டறிக்கைப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முகம் மாறும். அதில் தண்ணீர்க் கறையும் வெட்டித் திருத்திய வரிகளும் இருந்தால் இன்னும் நல்லது. யார் மண்டபத்தை வாடகைக்குத் தர மறுத்தார்கள், பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பாடப்புத்தகம் என்று எப்படிச் சண்டை போட்டார்கள், 1983 ஜூலைக்குப் பிறகு புதிதாக வந்த பையன்களுக்குத் தங்க இடம் யார் கொடுத்தார்கள், இதெல்லாம் அங்கே மட்டும்தான் இருக்கும். வருடாந்தக் கணக்கு அறிக்கை வேண்டும், ஒவ்வொரு சமோசா ரசீதும் வேண்டாம். தமிழ் அச்சுக்கு வழியில்லாத காலத்தில் கையால் எழுதி ஃபோட்டோகாப்பி எடுத்துத் தபாலில் அனுப்பிய செய்திமடல்கள் கட்டாயம் வேண்டும். வாணி விழா நிகழ்ச்சி நிரல், பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழ், கடைக்காரர் விளம்பரம் நிறைந்த ஆண்டுமலர், எல்லாம் வேண்டும். எந்தத் தெருவில் எந்தத் தமிழ்க்கடை எந்த வருடம் இருந்தது என்பதற்கு அந்த விளம்பரங்களை விட்டால் வேறு சான்று கிடையாது.

ஒன்றை நான் தனியாகச் சொல்ல வேண்டும், கல்வெட்டு. தமிழ்நாட்டு வாசகர்கள் கோயில் சுவரை நினைத்துக்கொள்ளக்கூடாது, யாழ்ப்பாணத்துப் பக்கம் அந்தியேட்டி என்ற இறந்தவருக்கான சடங்குக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலரை அப்படிச் சொல்வோம். இறந்தவரின் பிறந்த ஊர், தாய் தகப்பன், படித்த பள்ளிக்கூடம், உத்தியோகம், பிள்ளைகள் எந்தெந்த நாட்டில், பேரப்பிள்ளைகள் பெயர், நடுவில் தேவாரம், கடைசியில் நன்றி நவிலல். ஆங்கிலேயன் தன் முன்னோரைத் தேடப் பத்து இடத்தில் அலைந்து பொறுக்க வேண்டிய விவரம் முழுவதும் இருபது பக்கத்துக்குள். உங்கள் ஊரில் இறந்தவர்களின் கல்வெட்டு நாற்பது ஐம்பது சேர்ந்தால் அந்த ஊர்த் தமிழர் வரலாற்றுக்கு அதைவிட நல்ல மூலம் இல்லை. ஆனால் கவுண்டி அதிகாரி அதைக் கேட்கவே மாட்டார், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நீங்களாகக் கொண்டுபோய் விளக்க வேண்டும். ஒரு பிரதி நூலகம் நிறுவனத்துக்கும் போகட்டும், 2005இலிருந்து ஈழத்து எழுத்தாவணங்களை இணையத்தில் சேர்த்துவரும் அவர்களிடம் நினைவு வெளியீடுகள் ஏராளம் உண்டு. ஒரே இடத்தில் வைப்பதன் ஆபத்தை 1981 ஜூன் தொடக்கத்தில் எரிந்த யாழ்ப்பாண நூலகத்துக்குப் பிறகு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பெயர் எழுதுவது பற்றி. பிராட்ஃபோர்டில் பெல் வியூ என்று ஒரு ஸ்டூடியோ 1970கள் வரை இருந்தது. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் மில் வேலைக்கு வந்தவர்கள் கோட்டுப் போட்டு, சட்டைப்பையில் பேனா குத்தி, கைக்கடிகாரம் தெரிகிற மாதிரி கையை வைத்து அங்கே படம் எடுத்து ஊருக்கு அனுப்புவார்கள். அந்தக் கண்ணாடி நெகட்டிவ்கள் ஆயிரக்கணக்கில் தப்பி, இன்று நகர அருங்காட்சியகத்தின் பெருமைகளில் ஒன்று. பார்க்கப் பார்க்கத் திகட்டாத முகங்கள். ஆனால் அவற்றில் பல முகங்களுக்குப் பெயர் இல்லை. உங்கள் பெட்டிக்கு அந்தக் கதி வராமல் தடுக்க இன்னும் சில வருடம்தான் அவகாசம் இருக்கிறது. சங்கத்தைத் தொடங்கியவர்கள் இப்போது எண்பதைத் தாண்டியிருப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூத்தவர்களைக் கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, படங்களை மேசையில் பரப்பி, பேசுவதை ஃபோனில் பதிவு செய்யுங்கள். இடமிருந்து வலமாகப் பெயர் சொல்லச் சொல்லுங்கள். 'இது யார், நம் டாக்டருடைய தங்கச்சியா' என்று அவர்கள் தர்க்கம் பண்ணுவதையும் வெட்ட வேண்டாம். தாளைவிட இதுதான் அவசரம், தாள் காத்திருக்கும்.

அந்தப் படங்களின் காப்புரிமை பற்றி ஒரு வார்த்தை. பொதுவாக எடுத்தவருக்குத்தான் உரிமை, அவர் இறந்து 70 வருடம் வரை. 1989 ஆகஸ்ட் 1க்கு முன், சங்கம் காசு கொடுத்து ஒருவரை எடுக்கச் சொல்லியிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை சங்கத்துக்கு. உறுப்பினர் ஒருவர் ஆசைக்கு எடுத்ததென்றால் அவரிடமோ பிள்ளைகளிடமோ இப்போதே ஒரு கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

இப்போது எல்லாரும் மெல்லிய குரலில் கேட்கும் விஷயம். உறுப்பினர் முகவரிகள், அகதி வழக்குக்கு எழுதிக்கொடுத்த சான்றுக் கடிதங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பதிவேடு, 80களிலும் 90களிலும் நிதி சேர்த்த ரசீதுக் கட்டுகள். இதில் நிச்சயமானது எது: உயிரோடு இருப்பவர்களின் சொந்த விவரங்களைக் காப்பகம் சட்டப்படி பாதுகாக்க வேண்டும். பிறந்த தேதியிலிருந்து நூறு வருடம் என்று கணக்கு வைத்து அந்தக் கோப்பை மூடிவைப்பது பொது வழக்கம், நீங்கள் கேட்டால் மற்றவற்றுக்கும் ஒரு காலக்கெடு போடுவார்கள். நிச்சயமில்லாதது எது: மூடிய கோப்பு நீதிமன்றத்துக்கும் மூடியதா என்பது. காப்பகத்தின் வாக்குறுதி நீதிமன்ற உத்தரவுக்கு மேற்பட்டது இல்லை. அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் கல்லூரி வட அயர்லாந்து ஆயுதக் குழுக்களில் இருந்தவர்களை 2001 முதல் பேட்டி கண்டு, நீங்கள் இறக்கும்வரை வெளியே வராது என்று சொல்லிப் பதிவு செய்தது. 2011இல் பொலிஸ் கேட்டது, வழக்கு நடந்தது, 2013இல் சில ஒலிநாடாக்கள் கைமாறின. ஆகவே வில்லங்கமான கட்டு எதுவும் இருந்தால் அதைப் பெட்டியோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், எரிக்கவும் வேண்டாம். தனியே எடுத்து வைத்து முதலில் சட்ட ஆலோசனை கேளுங்கள். என் அனுபவத்தில், கமிட்டி பயந்த கட்டுகளில் பெரும்பாலானவை சாதாரண இறுதிச்சடங்கு உதவி நிதிக் கணக்காகத்தான் இருந்தன. உங்களுடையதும் அப்படித்தான் இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

கைவேலை பற்றிக் கொஞ்சம். தயவுசெய்து எதையும் அழகாக அடுக்காதீர்கள். எந்தச் செயலாளர் எந்தப் பையில் எதோடு எதை வைத்தாரோ அந்த ஒழுங்கே ஒரு தகவல், அதைக் கலைத்தால் திரும்ப வராது. லாமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். ரப்பர் பாண்டுகளைக் கழற்றுங்கள், அவை உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் கிழியும் என்றால் அப்படியே விடுங்கள். ஒட்டும் பக்கமும் பிளாஸ்டிக் உறையும் உள்ள 80களின் ஆல்பத்தில் படங்கள் பிடித்துக்கொண்டிருக்கும், பலவந்தம் பண்ணாமல் பக்கத்தை முழுதாகப் படம் எடுத்துவிட்டு ஆல்பத்தையே கொடுங்கள். அந்தக் காலத்துக் கலர்ப் படங்கள் இருட்டில் வைத்தாலும் நீலம் போய்ச் சிவந்துவிடும், நெகட்டிவ் இருந்தால் அது பொன். பழைய ஃபாக்ஸ் தாள்களை இன்றே ஃபோட்டோகாப்பி எடுங்கள், அவை வெறும் வெள்ளையாகிவிடும். பெட்டியில் இருப்பவற்றில் முதல் அவசரம் விஎச்எஸ் வீடியோ, ஆடியோ கசெட். காந்த நாடாவும் பழுதாகும், அதை ஓட்டும் இயந்திரமும் அதைத் திருத்தும் ஆளும் அதைவிட வேகமாகக் குறைந்துவருகிறார்கள். மற்றதெல்லாம் தள்ளிப்போனாலும் நாடாக்களை இந்த வருடமே டிஜிட்டலுக்கு மாற்றக் காசு ஒதுக்குங்கள். கவுண்டியின் மானியத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பேரம் பேச நல்ல இடம் அது.

அருங்காட்சியகப் பக்கத்துக்கு அதிகம் சொல்ல இல்லை. அவர்களுக்கு இடம் கிடையாது, பத்துப் பொருள் காட்டினால் ஒன்றை எடுப்பார்கள், அதையும் கதை இருந்தால்தான். வெங்கலக் குத்துவிளக்கு எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். முதல் தமிழ் வகுப்பு நடந்த வீட்டில், கதவைக் கழற்றிக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கரும்பலகையாக வைத்திருந்தார்கள் என்றால் அந்தக் கதவைக் காட்டுங்கள். இங்கே கிடைக்காது என்று பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த தேங்காய் துருவலை, இடியப்ப உரல், கொண்டுவந்தவர் இன்னார், இந்த வருடம், இந்த வீட்டில் இருந்தது என்று சொல்ல முடிந்தால் அவை போதும். சொல்ல முடியாவிட்டால் வீட்டிலேயே வைத்து இடியப்பம் பிழியுங்கள்.

செய்ய வேண்டிய ஒழுங்கு இதுதான். முதலில் காப்பகத்துக்காரரைக் கராஜுக்கே வரச் சொல்லுங்கள், அவர்கள் வருவார்கள், பெட்டிகளை நீங்கள் சுமக்க வேண்டாம். அதற்குப் பிறகு கமிட்டியில் வைத்து, எதைக் கொடுக்கிறோம், நன்கொடையா வைப்பா, எவை எத்தனை வருடம் மூடியிருக்க வேண்டும், பின்னாளில் அனுமதி கேட்க யாரை அணுகுவது என்ற நான்கையும் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திடுங்கள். நடப்புக் கூட்டறிக்கைப் புத்தகம் உங்களிடமே இருக்கும், அந்தத் தீர்மானப் பக்கத்தின் நகலை மட்டும் பெட்டியோடு சேர்த்துக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு அவர்கள் ஓர் எண் போட்ட ரசீது தருவார்கள், அந்த எண்ணைக் கமிட்டியில் குறைந்தது மூன்று பேர் வைத்திருக்க வேண்டும். அட்டவணை போடத் தொடங்கியதும் எந்தக் கட்டுக்கு என்ன தலைப்பு வைப்பது என்று சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள், ஆட்களின் பெயர்களை மறைத்துவிட்டு.